கடைசி மருந்து கோழித்தீவனத்துக்குப் போன கதை

ஜப்பானின் புக்குஷிமா வட்டாரத்து மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, பக்கத்திலிருக்கும் பிற பாக்டீரியாக்களைக் கொன்று தனக்கு இடம்பிடிக்க ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. 1949-இல் கொயாமா என்ற ஆய்வாளர், குடுவையில் நொதித்துக்கொண்டிருந்த அந்தப் பாக்டீரியாவிடமிருந்து அதைப் பிரித்தெடுத்தார். கொலிஸ்டின் பிறந்தது. போர் முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கொடுத்த நம்பிக்கையில், உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் பிடி மண்ணைக்கூட விடாமல் சலித்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாலிமிக்சின் என்ற மருந்துக் குடும்பம் கண்டறியப்பட்டிருந்தது. கொலிஸ்டினும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பாலிமிக்சின் ஈ என்பது அதன் இன்னொரு பெயர்.

இது எப்படிக் கொல்கிறது என்பது எளிமையான விஷயம். ஈ.கோலி, கிளெப்சியெல்லா, சூடோமோனஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும். மெக்னீசியம், கால்சியம் அயனிகள்தான் அந்தச் சவ்வைச் சிதறாமல் பிணைத்து வைத்திருக்கின்றன. கொலிஸ்டின் மூலக்கூறோ நேர்மின்னூட்டம் கொண்டது. அது சவ்வில் போய் ஒட்டி, அந்த அயனிகளைத் தள்ளிவிட்டு உள்ளே நுழையும். சவ்வு கிழியும், பாக்டீரியாவின் உள்ளிருப்பு வெளியே கசியும், பாக்டீரியா சாகும். ஈர்ப்பு முழுவதும் அந்த மின்னூட்டத்தைப் பொறுத்தது. இந்த ஒரு விவரத்தைப் படிப்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கதை திரும்புவது இந்த இடத்தில்தான்.

1959 முதல் மருத்துவமனைகளில் கொலிஸ்டின் ஊசி புழக்கத்துக்கு வந்தது. அங்கே அது நெடுநாள் நீடிக்கவில்லை. மருந்து போட்டவர்களில் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. சிலருக்கு நரம்புகள் மரத்தன, தலைசுற்றியது, மூச்சுவிடவே சிரமப்பட்டவர்களும் உண்டு. 1970-களில் இந்தப் பக்கவிளைவுகள் பற்றிய ஆய்வுகள் வரிசையாக வெளிவந்தன. அதற்குள் ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் கிடைத்துவிட்டதால் டாக்டர்கள் கொலிஸ்டினைக் கைவிட்டார்கள். கண்ணுக்கும் காதுக்கும் விடும் சொட்டு மருந்துகளில் அது ஒண்டிக்கொண்டது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் நுரையீரலுக்கு நுண்துளிகளாக உள்ளிழுக்கும் மருந்தாகவும் பிழைத்தது. மற்றபடி மனித மருத்துவம் அதை மறந்தது. முப்பது ஆண்டுக்காலம் மருத்துவ மாணவர்களுக்கு அது பாடப்புத்தகத்தின் அடிக்குறிப்பாகவே இருந்தது.

மனிதர்களுக்கு நஞ்சு என்று ஒதுக்கப்பட்ட இந்த மருந்து, அந்த முப்பது ஆண்டும் சும்மா கிடக்கவில்லை. பன்றிக் கொட்டில்களிலும் கோழி ஷெட்டுகளிலும் வேலை செய்துகொண்டிருந்தது. அது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள இன்னொரு ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்கு 1940-களில் ஆய்வுத் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். அறுவைசிகிச்சை வகுப்புக்குக் கதராடை உடுத்திப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். அவர் தலைமையில் இயங்கிய அந்தக் கூடத்தில்தான் பெஞ்சமின் டக்கர் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து ஆரியோமைசினைக் கண்டுபிடித்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். உயிர்காக்கும் மருந்தாகவே அவர் அதைப் பார்த்திருப்பார். அதே ஆண்டின் இறுதியில் அதே கூடத்தில் நடந்ததைப் பார்க்க அவர் இல்லை.

தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இரு ஆய்வாளர்கள் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவான சத்துணவு தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் தயாரித்த பிறகு மிஞ்சும் சக்கையைத் தீவனத்தில் கலந்து பார்த்தார்கள். 1948 கிறிஸ்துமஸ் நாளில் ஜூக்ஸ் குஞ்சுகளை எடை போட்டார். சக்கை தின்ற குஞ்சுகள் மற்றவற்றைவிட நன்றாகக் கொழுத்திருந்தன. சக்கையில் ஒட்டியிருந்த துளி ஆன்டிபயாட்டிக்தான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. 1950-இல் செய்தி வெளியானது. நோய் இல்லாத கால்நடைக்கும் மருந்து கொடுத்தால் குறைந்த தீவனத்தில் கூடுதல் கறி கிடைக்கும் என்பதைவிடப் பண்ணைத் தொழிலுக்கு இனிப்பான செய்தி வேறென்ன இருக்க முடியும்? உலகம் முழுவதும் ஆன்டிபயாட்டிக் தீவனச் சாமானாக மாறியது.

எச்சரிக்கை இல்லாமல் இது நடந்துவிடவில்லை. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே, மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் நுண்ணுயிர்கள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று சொல்லிவிட்டார். தீவனத்தில் கலப்பது அந்தக் குறைந்த அளவுதான், அதுவும் நாள்தோறும். 1969-இல் பிரிட்டனின் ஸ்வான் குழு, மனிதர்களுக்குப் பயன்படும் ஆன்டிபயாட்டிக்குகளை வளர்ச்சியூக்கியாகக் கொடுக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 1976-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஸ்டூவர்ட் லெவி ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். மாசசூசெட்ஸில் ஒரு குடும்பப் பண்ணையில் 300 கோழிகளை வளர்த்து, ஒரு பகுதிக்கு மட்டும் ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்தார். சில வாரங்களில் அந்தக் கோழிகளின் குடல் பாக்டீரியாக்கள் மருந்துக்கு அசையாதவை ஆயின. சில மாதங்களில் பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அத்தகைய பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. அந்தக் குடும்பத்தார் மருந்து சாப்பிடவில்லை; தீவனத்தைக் கையால் அள்ளிப் போட்டார்கள், கோழிகளோடு வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கட்டுரை வெளியாகி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. பண்ணை மருந்து பண்ணையோடு நின்றுவிடும் என்று இன்றைக்கும் யாராவது வாதாடினால் எனக்குக் கோபம் வருகிறது.

பண்ணைக்குக் கொலிஸ்டின் ஏன் அவ்வளவு பொருந்திப்போனது? வாய்வழி கொடுத்தால் அது குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதில்லை. மனித மருத்துவத்தில் அது ஒரு குறை. அதனால்தான் ஊசியாகப் போட்டார்கள். பண்ணையில் அதுவே வசதி. மருந்து குடலிலேயே தங்கி, குஞ்சுகளுக்கும் பன்றிக்குட்டிகளுக்கும் கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலியை அடக்கும். சிறுநீரகம் கெடும் என்ற பயம் இல்லை. கறியில் எச்சம் தங்கும் என்ற பயமும் குறைவு. விலை மலிவு. மனிதர்களுக்கு வேண்டாத மருந்தாயிற்றே என்ற சமாதானமும் சேர்ந்துகொண்டது. சீனா அதை டன் கணக்கில் தயாரித்து, சொந்தப் பண்ணைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் விற்றது.

பிராய்லர் ஷெட் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு இதன் விளைவு சட்டென்று பிடிபடும். பல்லடம், உடுமலைப் பக்கம் நடப்பது பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் கம்பெனி கொடுக்கிறது. ஷெட், தண்ணீர், மின்சாரம், உழைப்பு விவசாயியுடையது. ஆறு வாரம் வளர்த்து எடைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. குஞ்சு செத்தால் கூலி குறையும், தீவனம் அதிகம் தின்று எடை ஏறாவிட்டாலும் கூலி குறையும். ஐயாயிரம் கோழி உள்ள ஷெட்டில் பத்துக் கோழி தலை தொங்கினால், அந்தப் பத்தை மட்டும் பிடித்து மருந்து கொடுக்க வழியில்லை. மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் கலந்து எல்லாவற்றுக்கும் விடுகிறார்கள். நோயுற்ற கோழி தண்ணீர் குறைவாகக் குடிக்கும். திடமான கோழி நிறையக் குடிக்கும். மருந்து வேண்டியதற்குப் பற்றாமலும் வேண்டாததற்கு மிஞ்சியும் போய்ச் சேர்கிறது. பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பழக இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

விவசாயியைக் குற்றவாளியாக்கி இந்தக் கதையைச் சொல்வது அநியாயம். மருந்தின் பெயர் பலருக்குத் தெரியாது. கம்பெனி சூப்பர்வைசர் கொடுக்கும் பாக்கெட்டைச் சொன்ன அளவில் கலக்குகிறார்கள். கூலி மொத்தமும் செத்த கோழிகளின் எண்ணிக்கையில் தொங்கும்போது, மருந்தைக் குறைக்கச் சொல்லி அவரிடம் உபதேசம் செய்து பயனில்லை. முடிவெடுக்கிற இடம் வேறு.

2000-க்குப் பிறகு மருத்துவமனைகளின் நிலைமை தலைகீழானது. கடைசிக் கட்ட மருந்துகளாக வைத்திருந்த கார்பபெனெம் வகை ஊசிகளுக்கே கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும் பணியாமல் போயின. 2009-இல், கார்பபெனெமை முறிக்கும் என்டிஎம்-1 என்ற மரபணு பற்றி உலகுக்குத் தெரியவந்தது. டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியின் மாதிரியில் அது கிடைத்தது. மறு ஆண்டு சென்னை, ஹரியானா உள்ளிட்ட இடங்களில் அது பரவியிருப்பதைக் காட்டிய ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. மரபணுவின் பெயரில் உள்ள 'என்டி' நியூ டெல்லியைக் குறிக்கிறதே என்ற மானப்பிரச்சினையில் நாடாளுமன்றமும் செய்தித்தாள்களும் சூடாகின. அந்தச் சூட்டில் பாதியைக் கிருமிகள் மேல் காட்டியிருக்கலாம். 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடி, டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று உருவாக்கிய, ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பைத் தடுக்க வழி சொல்லும் 'சென்னைப் பிரகடனம்' வந்தது. 2014 மார்ச்சில், 24 ஆன்டிபயாட்டிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது.

கார்பபெனெமும் கைவிட்ட நோயாளிக்கு என்ன கொடுப்பது? டாக்டர்கள் பழைய அலமாரியைத் திறந்தார்கள். அங்கே கொலிஸ்டின் இருந்தது. சிறுநீரகம் கெடலாம் என்று தெரிந்தேதான் போட்டார்கள். உயிர் போவதற்குச் சிறுநீரகம் கெடுவது மேல். நாடெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், வென்டிலேட்டரில் கிடப்பவர்களுக்கும், ரத்தத்தில் கிருமி ஏறிய பச்சிளம் குழந்தைகளுக்கும், கீமோதெரபிக்குப் பிறகு எதிர்ப்புச்சக்தி இழந்த புற்றுநோயாளிகளுக்கும் அது கைகொடுத்தது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கொலிஸ்டின் ஆரம்பித்திருக்கிறோம் என்று டாக்டர் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. அந்தச் சொல் வந்தால் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசி ஊசியும் கோழித்தொட்டியில் கலக்கும் பொடியும் ஒரே மருந்தின் இரண்டு வடிவங்கள். அது தெரிந்தும் பத்தாண்டுக்கு மேல் இரண்டும் அருகருகே ஓடின.

அதுவரை ஒரு நிம்மதி இருந்தது. கொலிஸ்டினுக்கு எதிர்ப்புத்திறன் எங்காவது தோன்றினாலும், அது பாக்டீரியாவின் சொந்தக் குரோமோசோமில் ஏற்படும் மாற்றமாகவே இருந்தது. அந்த மாற்றம் அதன் வாரிசுகளுக்கு மட்டுமே போகும். 2013 ஜூலையில் ஷாங்காய் பண்ணை ஒன்றின் பன்றியிடமிருந்து எடுத்த ஈ.கோலி அந்த நிம்மதியைக் குலைத்தது. எஸ்எச்பி45 என்று எண்ணிட்ட அந்தப் பாக்டீரியா, தன் கொலிஸ்டின் எதிர்ப்பை வேறு பாக்டீரியாக்களுக்குக் கொடுக்க வல்லதாக இருந்தது. குவாங்சோவின் தென்சீன வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெய்ஜிங்கின் ஷென் ஜியான்ஷொங் குழுவும் சேர்ந்து காரணத்தைத் தேடினார்கள். 2015 நவம்பரில் 'லான்செட்' தொற்றுநோய் இதழில் முடிவு வெளியானது. அந்த மரபணுவுக்கு எம்சிஆர்-1 என்று பெயரிட்டிருந்தார்கள்.

முன்னே சொன்ன மின்னூட்டம் இங்கேதான் வருகிறது. எம்சிஆர்-1 உருவாக்கும் நொதி, பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் ஒரு சிறு வேதித்துண்டை ஒட்டவைக்கிறது. சவ்வின் எதிர்மின்னூட்டம் குறைந்துவிடுகிறது. கொலிஸ்டினை இழுத்துக்கொள்ள இப்போது அங்கே ஈர்ப்பு இல்லை. மருந்து பக்கத்தில் வந்தும் பிடிப்பில்லாமல் விலகிப்போகிறது.

மரபணு எங்கே உட்கார்ந்திருந்தது என்பது அதைவிடப் பெரிய செய்தி. குரோமோசோமில் இல்லை, பிளாஸ்மிட்டில் இருந்தது. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாக மிதக்கும் சிறு டிஎன்ஏ வளையம். ஒரு பாக்டீரியா தன் பக்கத்தில் வருகிற இன்னொன்றுக்கு அதன் நகலைத் தூக்கிக் கொடுக்கும். வாங்குவது வேறு இனமாகக்கூட இருக்கலாம். குரோமோசோமில் உள்ள எதிர்ப்பு பரம்பரை நிலம் என்றால், பிளாஸ்மிட்டில் உள்ளது கைமாறும் ரொக்கம். கோழிக்குடலின் ஈ.கோலியிடமிருந்து மனிதக்குடலின் கிளெப்சியெல்லாவுக்கு அது போகலாம். அங்கே ஏற்கெனவே என்டிஎம் இருந்தால் இரண்டும் ஒரே கிருமியில் சேரும். டாக்டர்களின் கையில் பிறகு ஒன்றும் இருக்காது.

அந்தச் சீன ஆய்வில், பரிசோதித்த 804 பன்றிகளில் 166-இடம் எம்சிஆர்-1 உள்ள ஈ.கோலி இருந்தது. கடைகளிலும் சந்தைகளிலும் வாங்கிய 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78-இல் இருந்தது. மருத்துவமனைகளில் தொற்றோடு இருந்த 1,322 பேரில் 16 பேரிடம் இருந்தது. வரிசையைப் பாருங்கள்: பன்றியிடம் மிக அதிகம், கறியில் கொஞ்சம் குறைவு, மனிதர்களிடம் மிகக் குறைவு. ஓட்டத்தின் திசையை ஆய்வாளர்கள் இதிலிருந்தே ஊகித்தார்கள். செய்தி வந்ததும் பல நாடுகள் தங்கள் உறைபெட்டிகளில் கிடந்த பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தன. சில வாரங்களில் டென்மார்க் தன்னிடம் கண்டது: ஒரு நோயாளியின் ரத்தத்தில், இறக்குமதியான கோழி இறைச்சியின் ஐந்து மாதிரிகளில். தேடத் தேட ஐந்து கண்டங்களிலும் கிடைத்தது. சீனக் கோழிகளிடமிருந்து 1980-களில் எடுத்துச் சேமித்த பாக்டீரியாக்களிலும் இருந்தது. ஆய்வாளர்கள் இதே குடும்பத்து மரபணுக்களை எண்ணி, 2020-க்குள் எம்சிஆர்-10 வரை போய்விட்டார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். சென்னையில் வாங்கிய கோழி, ஆட்டிறைச்சி, மீன், காய்கறி, பழ மாதிரிகளைச் சென்னை, வேலூர் மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். கொலிஸ்டினுக்கு அசையாத பாக்டீரியாக்கள் அவற்றில் இருந்தன, சில ஈ.கோலிகளில் எம்சிஆர்-1 மரபணுவும் இருந்தது. காய்கறியில் எப்படி என்று கேட்கலாம். ஷெட்டைக் காலி செய்யும்போது தேங்காய்நார்த் துகளோடும் உமியோடும் கலந்த கோழி எரு, லாரி லாரியாக வயலுக்குப் போகிறது. கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகிறது. மருந்தைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியா அவற்றோடு மண்ணில் இறங்குகிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் இதில் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவமனைகளில் கொலிஸ்டினுக்குப் பணியாத கிளெப்சியெல்லாக்களில் பெரும்பாலானவற்றின் எதிர்ப்பு எம்சிஆர் வழியாக வந்ததல்ல. குரோமோசோம் மாற்றங்களால் வந்தது. மருத்துவமனைகளே அந்த மருந்தை அள்ளிப் போட்டதன் விளைவு அது. எனவே கோழியின் மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு டாக்டர்களும் மருந்துக்கடைகளும் கைகழுவ முடியாது. இரண்டு பக்கமும் ஒரே மருந்தைத் தீர்த்தோம்.

கறி சாப்பிடுவோரின் பயம் பெரும்பாலும் தவறான இடத்தில் இருக்கிறது. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று வாட்சப்பில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் இல்லை. ஆறு வாரத்தில் அது இரண்டு கிலோ ஏறுவதற்குக் காரணம் பல தலைமுறை இனத்தேர்வும் தீவனமும். நாட்டுக்கோழி என்று பெயர் போட்டு ஷெட்டில் ஆயிரக்கணக்கில் வளர்ப்பவற்றுக்கும் மருந்து போகலாம். இன்னொரு குழப்பமும் உண்டு. கறியில் மருந்தின் எச்சம் இருப்பது ஒரு பிரச்சினை. எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியா இருப்பது வேறு பிரச்சினை. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் 70 கோழி மாதிரிகளைச் சோதித்து, 40 விழுக்காட்டில் ஆன்டிபயாட்டிக் எச்சம் கண்டது முதல் வகை. மருந்தை நிறுத்திச் சில நாள் கழித்து வெட்டினால் எச்சம் போய்விடும். பாக்டீரியா அப்படிப் போகாது. எச்சமே இல்லாத கறியிலும் அது இருக்கலாம்.

நன்றாக வேகவைத்தால் அது செத்துவிடும். குழம்பில் கொதித்த கறியால் ஆபத்து இல்லை. ஆபத்து அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் இருக்கிறது. கறி நறுக்கிய பலகையில் வெங்காயமும் தக்காளியும் நறுக்குவது, கறி தொட்ட கையால் குழாயைத் திறப்பது, குழாய்த் தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுவது ஆகியவைதான் வழிகள். பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டாம் என்கிறார்கள் உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள். மஞ்சள் போட்டுக் கழுவாமல் நம் வீடுகளில் யாரும் கறி சமைக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். அப்படியானால் ஆழமான பாத்திரத்துக்குள் தெறிக்காமல் கழுவுங்கள், அந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுத் தேயுங்கள், கறிக்குத் தனிப் பலகை வையுங்கள். கறிக்கடையில் நாள் முழுதும் வெறுங்கையால் உரித்து வெட்டும் தொழிலாளிக்கு இந்தப் பாதுகாப்புகூட இல்லை.

மரபணுவைக் கண்டுபிடித்த சீனா, அதற்கு மருந்தையும் காட்டியது. கொலிஸ்டினை வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் கலப்பதை 2017 ஏப்ரல் இறுதியோடு அந்நாட்டு அரசு நிறுத்தியது. தீவனத்தில் கலக்கும் கொலிஸ்டின் பிரீமிக்ஸின் உற்பத்தி 2015-இல் 27,170 டன். 2018-இல் 2,497 டன். பன்றிகளிடம் எடுத்த ஈ.கோலியில் கொலிஸ்டின் எதிர்ப்பு 34 விழுக்காட்டிலிருந்து 5.1 விழுக்காட்டுக்கு இறங்கியது, கோழிகளில் 18.1-இலிருந்து 5-க்கு. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் எம்சிஆர்-1 உள்ள ஈ.கோலியைக் குடலில் சுமந்தவர்கள் 2016-இல் 14.3 விழுக்காடு, 2019-இல் 6.3 விழுக்காடு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இவ்வளவு இறக்கம். இந்த மரபணுவைச் சுமப்பது பாக்டீரியாவுக்கும் செலவு. கொலிஸ்டின் தொந்தரவு இல்லாத இடத்தில் சுமக்காதவை வேகமாகப் பெருகி, சுமப்பவற்றை ஓரங்கட்டுகின்றன. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு நம்பிக்கை தரும் எண்கள் வேறில்லை. இழந்ததைத் திரும்பப் பெற முடியும் என்று அவை சொல்கின்றன.

நாம் என்ன செய்தோம்? 2018 தொடக்கத்தில் லண்டனைச் சேர்ந்த புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பு ஒன்று, இந்தியாவுக்கு டன் கணக்கில் கொலிஸ்டின் இறக்குமதியாவதையும், ஐந்து நிறுவனங்களாவது அதை வளர்ச்சியூக்கி என்று வெளிப்படையாக விளம்பரம் செய்வதையும் எழுதியது. 2019 ஜூலை 19-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. உணவுக்கான கால்நடைகள், கோழிகள், மீன் வளர்ப்பு, தீவனச் சேர்க்கைகள் எதற்கும் கொலிஸ்டினைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று தடை வந்தது. முழுத்தடை, சீனாவினுடையதைவிடக் கடுமையானது. நல்ல சட்டம், தாமதமாக வந்தாலும்.

கொலிஸ்டினோடு பிரச்சினை முடியவில்லை. ஒரு மருந்தைத் தடுத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். என்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின், நியோமைசின் எல்லாம் ஷெட்டுகளில் புழங்குகிற பெயர்கள். என்ரோஃப்ளாக்சசின் கோழியின் உடலில் சிப்ரோஃப்ளாக்சசினாக மாறும். நமக்குச் சிறுநீர்த் தொற்றுக்கு எழுதித் தருகிற அதே மாத்திரைதான். நோய் வருமுன்னே கொடுப்பதையும், எடை ஏற்றக் கொடுப்பதையும் நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2017 நவம்பரிலேயே வழிகாட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வளர்ச்சியூக்கி ஆன்டிபயாட்டிக்குகளை விலக்கியிருக்கிறது. சுவீடன் அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1986-இல். அந்த நாடுகளில் கறி கிடைக்காமல் போய்விடவில்லை. நெதர்லாந்தில் ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு மருந்து வாங்கியது என்று பதிந்து, மற்றப் பண்ணைகளோடு ஒப்பிட்டார்கள். 2009-க்குப் பிந்தைய பத்தாண்டில் பண்ணை ஆன்டிபயாட்டிக் விற்பனை அறுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. டென்மார்க் 1995 முதல் ஆண்டுதோறும் மனிதர், கால்நடை, உணவு மூன்றிலும் எதிர்ப்பு எவ்வளவு என்று அறிக்கை போடுகிறது.

சீனாவின் இறக்கத்தை நாம் அறிந்தது அளந்ததால்தான். 2015-இல் எவ்வளவு விற்றது, 2018-இல் எவ்வளவு, பன்றியில் எவ்வளவு, மனிதரில் எவ்வளவு என்று அவர்களிடம் கணக்கு இருந்தது. நாமக்கல்லில் முட்டைக்கோழிகளுக்கும் பல்லடத்தில் பிராய்லர்களுக்கும் போகும் மருந்துக்கு அப்படியொரு பொதுக்கணக்கு வேண்டும். நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேலூரிலும் சென்னையிலும் தேர்ந்த நுண்ணுயிரியல் கூடங்கள் இருக்கின்றன. நாட்டளவில் மீன்வளத்துக்கும் கால்நடைக்குமான எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பும் இயங்குகிறது. அளக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை.

சத்துணவுத் தட்டில் முட்டை வைக்கும் அரசுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. அவ்வளவு முட்டை வாங்குகிற ஒருவர், எந்தப் பண்ணை எந்த ஆன்டிபயாட்டிக்கை எத்தனை நாள் கொடுத்தது என்ற பதிவேட்டை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வைத்தால், தொழில் அதற்கு ஏற்ப மாறும். ஒப்பந்த வளர்ப்பு நிறுவனங்கள் விவசாயிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் மருந்தின் பெயரும் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். மாநிலத்தில் விற்கும் கால்நடை ஆன்டிபயாட்டிக்கின் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை அரசு வெளியிட வேண்டும். கறியோ முட்டையோ வாங்கும் இடத்தில் இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். காய்ச்சலுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள், கொடுக்கவும் விடாதீர்கள்.